சிதைந்த தசையை மீட்க உதவுமா 'சாரம்'?

விளையாடும்போது ஏற்படும் சிறு தசைக்கிழிவு சில வாரங்களில் தானாகவே ஆறிவிடுகிறது. ஆனால், சாலை விபத்திலோ குண்டுவெடிப்பிலோ தொடைத் தசையின் பெரும்பகுதி சிதைந்துவிட்டால் உடலால் அதை ஈடுசெய்ய இயலுவதில்லை. அந்த இடத்தைத் தழும்புத் திசு நிரப்பிவிடுகிறது. தசையைப் போலச் சுருங்கி இயங்கும் ஆற்றல் தழும்புக்கு இல்லை என்பதால், காயம் ஆறிய பிறகும் கால் வலுவிழந்தே இருக்கும்.

தசைநார்களின் ஓரத்தில் 'துணைக்கோள் செல்கள்' எனப்படும் ஸ்டெம் செல்கள் உறங்குநிலையில் உள்ளன. இவற்றை 1961-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மவ்ரோ கண்டறிந்தார். காயம் ஏற்பட்டதும் இவை விழித்துப் பெருகி, ஒன்றிணைந்து புதிய தசைநார்களாகின்றன. எனினும், பழைய தசைநாரின் உறை எஞ்சியிருந்தால்தான் அவை வழிதவறாமல் வரிசையாக வளரும். உறையும் அழிந்துபோன இடத்தில், அதற்கு மாற்றாகப் பொருத்தப்படுவதே 'சாரம்'. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போன்றதுதான். ஆனால் இதை யாரும் பிரித்தெடுக்க வேண்டியதில்லை, உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது.

சாரத்தின் மென்மையும் முக்கியம். ஆய்வகத்தின் கடினமான பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கும்போது துணைக்கோள் செல்கள் தமது ஸ்டெம் செல் தன்மையை விரைவில் இழக்கின்றன. தசையை ஒத்த மென்மையுள்ள, சுமார் 12 கிலோபாஸ்கல் விறைப்புத்தன்மை கொண்ட ஜெல்லில் அதைத் தக்கவைத்துக்கொள்கின்றன. இதனை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினர்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் முயற்சி குறிப்பிடத்தக்கது. செல்கள் நீக்கப்பட்ட விலங்குத் திசுவிலிருந்து பெற்ற புரதப் பின்னல், தழும்பு அகற்றப்பட்ட இடத்தில் பொருத்தப்பட்டது. 2016-இல் வெளியான 13 நோயாளிகளின் முடிவுகளில், ஆறு மாதங்களில் தசை வலிமை சராசரியாக 37 சதவீதம் உயர்ந்திருந்தது. பிசியோதெரபியால் இனி முன்னேற்றமில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் இவர்கள். ஆயினும், ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு இது. தழும்பை அகற்றியதும் தொடர் பயிற்சியும் எந்த அளவுக்குக் கைகொடுத்தன என்பதை இதிலிருந்து பிரித்தறிய முடியாது.

பெரிய தடைகள் ரத்தமும் நரம்பும்தான். ரத்த நாளத்திலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள செல்லுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பது கடினம். நரம்பு வந்து சேராத தசையோ வளர்ந்தாலும் மெலிந்துவிடும்.

இந்தியாவில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய 'கோலிடெர்ம்' சாரத்துக்கு 2023-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. அது தோல் புண்களுக்கானது. தசை இழப்புக்கு உரியதல்ல.