மொட்டை மாடியில் ஒரு கோபுரம்

"ஏன்க்கா, உங்க மாடியில என்ன, டி.வி. ஸ்டேஷனா நடத்தறீங்க?"

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிற பெண்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பே இல்லை. எல்லார் வீட்டு மாடியிலும் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் இருக்கும். சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டு மாடியிலோ, அவற்றோடு 20 அடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரமும் நிற்கிறது. அதன் உச்சியில் மீன் முள் மாதிரி அலுமினியக் குழாய்கள்!

இவருக்கு 'ஹாம்' ரேடியோ பைத்தியம். (இது என் வார்த்தை. அவர் 'பொழுதுபோக்கு' என்பார்.) தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் வாங்கி, வீட்டில் உட்கார்ந்தபடியே வானொலி அலைகள் மூலம் ஊர் ஊராக, நாடு நாடாகப் பேசுகிறவர்களை ஹாம் என்கிறார்கள். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான்.

"பேசறதுக்குக் கோபுரம் எதுக்குங்க? ரூமுக்குள்ளேயே ஒரு கம்பியைக் கட்டிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கிணத்துக்குள்ள நின்னு கூப்பிட்டா அடுத்த தெருவுக்குக் கேக்குமா? ஆண்டெனா உசரத்துல இருந்தாத்தான் குரல் தூரம் போகும்" என்றார்.

அந்த நாளில் தூர்தர்ஷன் பார்க்க மாடியில் நட்டு வைத்தோமே, அந்த ஆண்டெனாவும் இதுவும் ஒரே குடும்பம். 1926-இல் உடா, யாகி என்ற இரண்டு ஜப்பானிய அறிஞர்கள் உலகுக்குச் சொன்ன அமைப்பு. ஆனால் எங்கள் வீட்டில் இருப்பதில் ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம்!

சரி, ஆண்கள் விஷயம், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் முதலில் இருந்தேன். அது எவ்வளவு தப்பு என்பதை இரண்டு சம்பவங்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தன.

கொடிக்கயிறு கட்டிய கதை

கோபுரம் ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறது. மின்கம்பத்துக்குக் கட்டுகிறார்களே, அதே 'ஸ்டே கம்பி'தான். ஒரு நாள் துணி அதிகம், கொடி போதவில்லை. அந்தக் கம்பியிலிருந்து தொட்டிக் குழாய்க்கு ஒரு கயிறு கட்டி, ஈரப் போர்வைகளை உலர்த்திவிட்டேன்.

சாயங்காலம் மாடிக்கு வந்த இவர் போட்ட சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவரே உட்கார்ந்து விளக்கினார். மூன்று கம்பிகளும் ஒரே அளவு விறைப்பாக இருந்தால்தான் கோபுரம் நேராக நிற்கும். ஒன்றை மட்டும் பக்கவாட்டில் இழுத்தால் கோபுரம் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். ஈரப் போர்வையோ காற்றில் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு இழுக்கும். அது மட்டுமா? இவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஆண்டெனாவின் முனையைத் தொட்டால் தோல் பொசுங்கிவிடும். அருகில் உள்ள கம்பிகளிலும் ஓரளவு அந்தச் சக்தி ஏறலாம்.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் கட்டப் போறேன்?" என்றேன். அவரிடம் பதில் இல்லை.

சின்னவன் ஏறிய நாள்

இரண்டாவதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. சித்திரை வெயிலில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் விளையாடிய நாலு வயதுச் சின்னவனின் சத்தத்தைக் காணோம். திரும்பினால், கோபுரத்தின் நாலாவது படியில் நின்றுகொண்டிருக்கிறான்! குழந்தைகளுக்கு அது பூங்காவில் இருக்கும் ஏணி மாதிரிதானே?

கத்தினால் பயந்து கையை விட்டுவிடுவான் என்று தோன்றியது. "கண்ணா, அப்படியே கெட்டியாப் பிடிச்சுக்கோ, அம்மா வரேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போய்ப் பின்னாலிருந்து தூக்கிவிட்டேன். அப்புறம்தான் கால் நடுங்கியது.

மறுநாளே கோபுரத்தின் அடிப்பகுதியை 7 அடி உயரத்துக்குச் சுற்றிலும் வழவழப்பான தகடு அடித்து மூடினோம். இவர் ஏற வேண்டுமானால் தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மாடிக் கதவுக்குக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் போட்டோம்.

அன்றைக்கு ராத்திரி இவரிடம் சொல்லிவிட்டேன்: "இனிமே மாடியில இருக்கிற ஒவ்வொரு ஆணியும் எதுக்குன்னு எனக்குத் தெரியணும். அதுக்குக் கீழேதான் நானும் குழந்தையும் படுத்துத் தூங்கறோம்."

புரட்டாசிப் பரிசோதனை

அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன் புரட்டாசியிலும் மழை ஓய்ந்து தை மாதத்திலும், இருவரும் சேர்ந்து கோபுரத்தைப் பரிசோதிக்கிறோம். இவர் மேலே, நான் கீழே. கையில் நோட்டுப் புத்தகம்.

முதலில் ஸ்டே கம்பி. நாகமுலாம் பூசிய எஃகுக் கம்பியானாலும் கடற்காற்று அதைத் தின்றுவிடும். பழுப்பேறி இழை பிரிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கம்பியின் அடியில், திருகினால் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் சாமான் ஒன்று இருக்கிறது. கடையில் 'டர்ன்பக்கிள்' என்று கேட்டால் கொடுப்பார்கள். காற்றில் ஆடி ஆடி இது தானாகவே கழன்றுவிடும். அப்படி ஆகாமல் இருக்க, அதன் நடுவே ஒரு சிறு கம்பியைக் கோத்து முறுக்கிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதன் அருமை எனக்குப் பின்னால் தெரிந்தது.

அடுத்து, கம்பியைக் கட்டியிருக்கும் இடம். கைப்பிடிச் சுவரில் கட்டவே கூடாது. வெறும் செங்கல் சுவர், இழுத்தால் வந்துவிடும். வீட்டின் கான்கிரீட் தூண்களோடு சேர்ந்த கொக்கியில்தான் கட்ட வேண்டும். கட்டடப் பொறியாளரைக் கேட்டுச் செய்வது உத்தமம். கோபுரத்தின் அடித்தகட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அங்கே நீர் இறங்கினால் என் சமையலறைக் கூரையில் அல்லவா பூசணம் பூக்கும்!

பிறகு கேபிள். ஆண்டெனாவோடு கேபிள் சேரும் இடத்தில் மழைநீர் புகுந்தால் கேபிளே பாழ். அங்கே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு, பிறகு ஜன்னலுக்குள் விட வேண்டும். அப்போதுதான் நீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகும், உள்ளே வராது.

கோபுரத்தின் உச்சியில் ஒரு கப்பியும் நைலான் கயிறும் மாட்டச் சொன்னேன். கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றுவதுபோல, கம்பி ஆண்டெனாவைக் கீழிருந்தே ஏற்றலாம், இறக்கலாம். ஏறும் தடவை பாதியாகக் குறைந்தது. வெயில் பட்டு நைலான் இற்றுப்போகும் என்பதால் கயிற்றை அவ்வப்போது மாற்றுகிறோம்.

கீழே நிற்கிறவள் சொல்லே முடிவு

ஆரம்பத்தில் இவர் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். தவறி விழுந்தால் அந்த இடுப்புப் பெல்ட்டே முதுகையும் வயிற்றையும் நசுக்கிவிடும், ஆள் தலைகீழாகவும் தொங்கலாம். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் 'ஹார்னஸ்'தான் வேண்டும். அதில் இரண்டு கொக்கிக் கயிறுகள் இருக்கும். ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். ஒரு விநாடிகூடக் கட்டில்லாமல் இருக்கக் கூடாது. "விலை ஜாஸ்தி" என்று இழுத்தார். என் தீபாவளிப் புடவைப் பணத்தை எடுத்து நீட்டினேன். மறுவாரம் வாங்கிவிட்டார்.

எங்கள் வீட்டுச் சட்டங்கள் இவை: வீட்டில் யாரும் இல்லாதபோது ஏறக் கூடாது. ஈரத்தில், காற்றில், இருட்டில், தூக்கக் கலக்கத்தில் ஏறக் கூடாது. ஏறுமுன் ரேடியோவை அணைத்துவிட வேண்டும். ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் வாளியில் வைத்துக் கயிற்றால்தான் மேலே போகும். கீழே நிற்கும் எனக்கும் ஹெல்மெட் உண்டு. ஆனாலும் கோபுரத்துக்கு நேர் கீழே நிற்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: கீழே நிற்கிறவள் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். மறுபேச்சு கிடையாது.

இடியும் மின்கம்பியும்

கோபுரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆண்டெனாவை ஏற்றும்போதும் இறக்கும்போதும் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அலுமினியக் குழாய் மின்கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் உயிர் போய்விடும்.

இடிக்காகக் கோபுரத்தின் காலிலிருந்து தடித்த செம்புக் கம்பி மண்ணில் புதைத்த எர்த் கம்பிக்குப் போகிறது. அதையும் வீட்டு எர்த்தையும் ஒன்றாக இணைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் ரேடியோவை உபயோகிக்காத நேரமெல்லாம் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவோம். இடி இடிக்க ஆரம்பித்த பிறகு ஓடிப்போய்க் கேபிளைத் தொடவே கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் மாடிப் பக்கமே போவதில்லை.

வர்தா வந்தபோது

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயலைச் சென்னைவாசிகள் யாரும் மறக்க மாட்டார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நாலு மடங்காகும் என்று இவர் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிறு காலையிலேயே நண்பர் ஒருவரை வரவழைத்து, மேலிருந்த பெரிய ஆண்டெனாவைக் கயிறு கட்டி இறக்கிவிட்டோம்.

மறுநாள் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் தெருவில் மரங்கள் சடசடவென்று விழுந்தன. கோபுரம் நின்றது. புயல் ஓய்ந்ததும் இவர், "ஏறி ஒரு கம்பியைக் கட்டிட்டு வந்துடறேன்" என்று புறப்பட்டார். இருட்டு, ஈரம். "வேண்டாம்" என்றேன். முணுமுணுத்தார், ஆனால் ஏறவில்லை.

விடிந்து பார்த்தால், ஒரு ஸ்டே கம்பியின் டர்ன்பக்கிள் கழலப் பார்த்திருக்கிறது. கோத்து வைத்த சின்னக் கம்பிதான் அதைப் பிடித்து வைத்திருந்தது! அதற்குக் கீழேதான் நாங்கள் எல்லாரும் இரவு முழுவதும் படுத்திருந்தோம்.

கம்பிகளை இறுக்கிவிட்டு, கப்பிக் கயிற்றில் கம்பி ஆண்டெனாவை ஏற்றினோம். கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. கார் பேட்டரியில் ரேடியோவை இயக்கினார். எதிர்வீட்டு அம்மாவின் மகள் கோயம்புத்தூரில் நிறைமாதக் கர்ப்பிணி. தாய்க்கு என்ன ஆயிற்றோ என்று தவித்துக்கொண்டிருப்பாளே என்று அந்த அம்மா அழுதபடி இருந்தார். கோவையில் ஒரு ஹாம் நண்பர் கிடைத்தார். அவர் அங்கிருந்து போன் செய்து, "உங்க அம்மா சௌக்கியமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அந்தச் செய்தி திரும்பி வந்தபோது எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, ஹாம் குழு ஒன்றுடன் அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, போர்ட் பிளேரில் தாம் தங்கியிருந்த ஓட்டலிலிருந்து ரேடியோ மூலம் இப்படித்தான் எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்தி சேர்த்தார். அந்தக் கதையை இவர் சொன்னபோது வியந்து கேட்டதோடு சரி. அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

உங்கள் வீட்டில் ஹாம் கோபுரம் இல்லாமல் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, டிஷ் ஆண்டெனா இருக்கிறது, யாரோ ஒருவர் ஏறத்தான் செய்கிறார். அவர் ஏறும்போது கீழே நில்லுங்கள். மேலே என்ன இருக்கிறது, எதில் கட்டியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மனசுக்குச் சரியில்லை என்றால் தயங்காமல் "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் இவர் ஹார்னஸை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கிறார். "ஏறட்டுமா?" என்கிறார். நான் வானத்தை ஒரு தரம், ஸ்டே கம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.