முகவரி நண்பருடையது, எழுதியது யார்?

2019 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் அவருடைய நெடுநாள் நண்பர், அவரும் ஓய்வுபெற்ற நீதிபதி. உறவினர் ஒருவருக்கு ரத்த நோய், சிகிச்சைக்கு அவசரமாக ஒரு லட்சம் ரூபாய் வேண்டும், தன்னைத் தொலைபேசியில் பிடிக்க முடியாது என்று எழுதியிருந்தார். இருவரும் வழக்கமாக எழுதிக்கொள்ளும் அதே முகவரி. லோதா இரண்டு தவணையாகப் பணத்தை அனுப்பினார். தன் கணக்கு களவுபோனதை அந்த நண்பர் எல்லோருக்கும் தெரிவித்தது மே 30-ஆம் தேதி.

சாட்சியங்களை எடைபோட்டே வாழ்ந்தவர் ஏமாந்துவிட்டாரே என்று சிரிக்க இதில் ஒன்றுமில்லை. அவர் பார்த்த சாட்சியம் போலியல்ல. அஞ்சல் உண்மையிலேயே நண்பரின் கணக்கிலிருந்துதான் புறப்பட்டது. ‘தெரியாதவர் அனுப்பும் அஞ்சலைத் திறக்காதீர்கள்’ என்று நமக்கு ஓயாமல் சொல்லப்படும் அறிவுரை இங்கே ஒரு காசுக்கும் உதவாது.

இந்தக் கதைவசனம் பழையது. 2009-இல் பிரிட்டனின் நீதித்துறை அமைச்சராக இருந்த ஜாக் ஸ்ட்ராவின் கணக்கைப் பிடித்தவர்கள், அவர் நைஜீரியாவில் பணப்பையைத் தொலைத்துவிட்டுத் தவிப்பதாகவும் 3,000 டாலர் தேவை என்றும் அவருடைய தொகுதிக்காரர்களுக்கு எழுதினார்கள். ஊரும் நோயும் தொகையும்தான் மாறுகின்றன. அவசரம், உடனே பணம், ‘போனில் பேச முடியாது’ என்ற மூன்றும் பெரும்பாலும் மாறுவதில்லை.

ஸ்பேம் வடிகட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்.எம்.டி.பி. விதிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் புழங்கிய சிறு வலையமைப்புக்கானது அது. அனுப்புநர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதைச் சரிபார்க்க அதில் வழியே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் ஆகிய மூன்றும். ஒரு நிறுவனத்தின் பெயரில் வரும் அஞ்சல் அந்த நிறுவனம் அனுமதித்த கணினியிலிருந்து வந்ததா, அதன் மின்கையொப்பம் பொருந்துகிறதா என்று இவை பார்க்கின்றன. மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் இவற்றைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் களவுபோன கணக்கிலிருந்து வரும் அஞ்சல் இந்த மூன்று தேர்விலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். விசைப்பலகையில் யாருடைய விரல் இருந்தது என்பதை எந்த நெறிமுறையும் கேட்பதில்லை.

கணக்கு எப்படிப் பறிபோகிறது? சோம்பலான வழி, ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் போட்டுவைப்பது. 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்டவற்றில் 11 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளும் பாஸ்வேர்டுகளும் 2016-இல் விற்பனைக்கு வந்தன. அங்கே போட்ட அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தவர்களின் கதவு தானாகத் திறந்துகொண்டது. இன்னொரு வழி போலி உள்நுழைவுப் பக்கம். இப்போதைய போலிப் பக்கங்கள் உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தட்டுவதை அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடுகின்றன. ஓ.டி.பி.யும் அதே நொடியில் போய்ச் சேர்கிறது. பதிலுக்குத் தளம் தரும் குக்கி திருடனிடம் சிக்குகிறது. தண்ணீர்ப் பூங்கா வாசலில் கையில் கட்டிவிடும் பட்டையைப் போன்றது அந்தக் குக்கி: அதைக் கட்டிக்கொண்டு வருபவரிடம் யாரும் மறுபடி டிக்கெட் கேட்பதில்லை.

பாஸ்வேர்டைத் தொடாமலேயே நடந்ததும் உண்டு. 2017 மே 3 அன்று, தெரிந்தவர் ஒரு கூகுள் ஆவணத்தைப் பகிர்ந்திருப்பதாக ஏராளமானோருக்கு அஞ்சல் போனது. சொடுக்கினால் வந்தது கூகுளின் அசல் பக்கம்தான். ஆனால் அங்கே ‘கூகுள் டாக்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு போலிச் செயலி அனுமதி கேட்டது. கொடுத்தவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே அஞ்சல் பரவியது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் அதை நிறுத்தியது.

உள்ளே வந்த திருடன் உடனே கைவரிசையைக் காட்டுவான் என்பதில்லை. கெட்டிக்காரன் படிப்பான். யாரை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறீர்கள், எந்த பில் எப்போது வரும் என்று பார்ப்பான். பிறகு ஒரு வடிகட்டி விதியைப் போட்டுவைப்பான்: ‘ஹேக்’, ‘மோசடி’ போன்ற சொற்களுடன் வரும் பதில்கள் நேராகக் குப்பைக்குப் போய்விடும். நண்பர்கள் எச்சரித்து எழுதினாலும் கணக்குக்குச் சொந்தக்காரர் கண்ணில் படாது. பழைய அஞ்சல்களைப் படித்துப் பயன்படுத்தும் இந்த வேலையை எமோடெட் என்ற தீநிரல் இயந்திரத்தனமாகச் செய்தது. ஏற்கெனவே நடந்த உரையாடலைத் திருடி, அதற்குப் பதில் எழுதுவதுபோல நச்சுக் கோப்பை இணைத்து அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை முடக்கின. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அது மீண்டும் தலையெடுத்தது.

பெரும்பணம் போவது வணிகத்தில். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை இதில் செலுத்துங்கள்’ என்று வழக்கமான வியாபாரியின் முகவரியிலிருந்தே ஒரு வரி வரும். இவ்வகை மோசடியில் 2023-இல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் புகார்கள் பதிவாயின.

எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய நம்பிக்கையையும் செயற்கை நுண்ணறிவு காலிசெய்துவிட்டது. ஆகவே அஞ்சலுக்குள்ளேயே உண்மையைத் தேடுவது வீண். பணம், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., பரிசு அட்டை என்று எதைக் கேட்டாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். அஞ்சலில் தந்திருக்கும் எண் வேண்டாம். அஞ்சலுக்குப் பதில் போட்டு ‘நீதானா?’ என்று கேட்பதிலும் பயனில்லை, ‘நானேதான்’ என்று திருடன் எழுதுவான். போனை எடுக்கவில்லையென்றால் வீட்டில் வேறு யாரையாவது கேளுங்கள். மரியாதைக்குறைவு என்று தயங்குபவர்களை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

உங்கள் கணக்கே போய்விட்டது என்றால் பாஸ்வேர்டை மாற்றினால் பாதி வேலைதான் முடிகிறது. தீநிரல் இல்லாத வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள், திருடன் கையிலுள்ள குக்கி செல்லாக்காசாகிவிடும். பிறகு நிதானமாக அமைப்புகளைத் திறந்து வடிகட்டி விதிகள், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வசதி, மீட்பு எண், அனுமதி பெற்ற செயலிகள் ஆகியவற்றைப் பாருங்கள். நீங்கள் வைக்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. முடிந்தால் பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீக்கு மாறிவிடுங்கள். அது அசல் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது, எழுத்து மாறிய போலித் தளத்தில் வேலையே செய்யாது. இதே தத்துவத்தில் இயங்கும் பாதுகாப்புச் சாவிகளை 2017-இல் கூகுள் தன் ஊழியர்கள் 85,000-க்கும் மேற்பட்டோருக்குக் கட்டாயமாக்கியது. அதன்பின் அவர்களில் எவருடைய அலுவலகக் கணக்கும் போலிப் பக்கத்திடம் பறிபோகவில்லை என்று 2018-இல் அந்நிறுவனம் சொன்னது.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால்தான் அதை முடக்க முடியும், காலை வரை காத்திருக்க வேண்டாம். கோபத்தில் அந்த அஞ்சலை அழித்தும் விடாதீர்கள். அதன் மறைவான தலைப்பு வரிகளில் வழித்தடம் பதிவாகியிருக்கும், காவல்துறை முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.