சாப்பிட மறுக்கும் பிள்ளையும் பசியை மறக்காத நாங்களும்

எனது மகளுக்கு இரண்டரை வயது. சில மாதங்களாக அவள் விரும்பிச் சாப்பிடுவது மூன்றே மூன்று: வெறும் சோறு, பாற்சொதி விட்ட இடியப்பம், பிஸ்கற். போன வருடம் ஆசையாகத் தின்ற பூசணிக்காயை இப்போது கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

அவள் முகத்தைத் திருப்பும்போது என்னைவிட அதிகம் கலங்குபவர் என் அம்மா. "தின்னு மனே, இந்தப் பருப்புக்கு நாங்க வரிசையில நிண்ட நாங்க" என்பார்.

அவர் சொல்வது உண்மை. 2007 மார்ச்சில் படுவான்கரையில் செல் விழத் தொடங்கியபோது, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முகாமில் கிடைத்தது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். தம்பிக்கு அப்போது இரண்டு வயது. பருப்பைத் துப்பினான். அம்மா அவனது கைகளைப் பிடித்து, அழ அழ ஊட்டினார். அடுத்த வேளைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாத இடத்தில் ஒரு தாய் செய்ததைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தம்பி இன்றுவரை பருப்புக் கறியைத் தொடுவதில்லை.

முகாமை விட்டு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தும் எங்களில் பலர் அதே பயத்தோடுதான் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். பிள்ளை ஒரு வாயை மறுத்தால் பட்டினி வந்துவிட்டதுபோல் பதறுகிறோம். உண்மையில் அந்த மறுப்புக்கான காரணங்கள் வேறு.

ஏன் மறுக்கிறார்கள்?

முதலாவது காரணம் வளர்ச்சி. பிறந்தபோது இருந்த நிறை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடம் முழுவதும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. ஒரு வயதில் கிண்ணம் நிறையச் சாப்பிட்ட பிள்ளை இரண்டு வயதில் பாதியோடு எழும்புவது பெரும்பாலும் நோயல்ல.

இரண்டாவது, புதிய உணவு மீதான பயம். இது இரண்டு வயதளவில் கூடி, பள்ளிக்கூடம் போகும் வயதில் மெல்லக் குறையும். தானாக நடந்து திரியத் தொடங்கும் பிள்ளை கண்ட இலையையும் காயையும் வாயில் போட்டால் ஆபத்து. அதனால் இயற்கையே வைத்த காவல் இது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கசப்பான கீரைகளை முதலில் ஒதுக்குவதும் இதனால்தான்.

மூன்றாவது காரணம் எங்கள் கையிலேயே இருக்கிறது. காலையில் ஒரு போத்தல் பால்மா, பத்து மணிக்குப் பிஸ்கற், மத்தியானத்துக்கு முன் ஒரு தேத்தண்ணி. பிறகு சோற்றுக்கு எங்கே பசி வரும்? தேயிலை, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லீற்றர் பால் போதும்.

பத்துத் தடவை, ஒவ்வொரு துளி

பிள்ளைகளின் உணவு விருப்பத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் லீன் பேர்ச். ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள, அதை எட்டு முதல் பதினைந்து தடவையாவது சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பது இத்துறை ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. நாங்களோ மூன்று நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு "இவளுக்கு இது பிடிக்காது" என்று முடிவுகட்டி விடுகிறோம்.

"இதைக் குடித்தால் பரிசு" என்று சொல்லிக் குடிக்கவைத்த பானத்தின் மீது பிள்ளைகளின் விருப்பம் குறைந்துபோனதை 1984இல் வெளியான அவரது ஆய்வொன்று காட்டியது. "கீரையைத் தின்றால் ரொபி" என்று நாங்கள் சொல்லும்போது, கீரை ஒரு தண்டனை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

உணவு ஆலோசகர் எலின் சற்றர் இதற்கு ஒரு எளிய பங்கீட்டைச் சொன்னார். என்ன சாப்பாடு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

"பத்துத் தடவை சமைத்துக் கொட்ட எங்களிடம் வசதி இருக்கா?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியாகச் சமைக்கவே தேவையில்லை. வீட்டுச் சட்டியில் மிளகாய்த் தூள் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வைத்தால் போதும். அதிலிருந்து பெருவிரல் நகமளவு, பிள்ளைக்குப் பிடித்த சோற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். தின்னாவிட்டால் நட்டம் ஒரு துளிதான்.

வாவிக் கரையில் இதற்குப் பொருள் பஞ்சமில்லை. கூனியை வறுத்து இடித்துப் புட்டில் தூவலாம். இறாலை அவித்துப் பொடியாக நறுக்கலாம். முள்ளெடுத்த மீனைச் சோற்றோடு பிசையலாம். வேலியில் நிற்கும் முருங்கையின் இலையைத் தேங்காய்ப்பூவோடு சுண்டலாக்கலாம். தொட்டுப் பார்ப்பதும், முகர்வதும், நக்கிவிட்டுத் துப்புவதும் பழகும் வழிகள்தான். அதற்கு ஏசவேண்டாம். கச்சான் கொட்டை, கொட்டையோடு றம்புட்டான் போன்றவை மட்டும் தொண்டையில் அடைக்கக்கூடியவை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

எல்லோரும் ஒன்றாக இருந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். போனைத் தள்ளி வையுங்கள். படம் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்குத் தன் பசியும் தெரியாது, உணவின் ருசியும் தெரியாது. சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் இடையில் இரண்டு, மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். இடையில் தண்ணீர் போதும். அரை மணித்தியாலத்தில் தட்டை எடுத்து விடுங்கள், கோபம் காட்டாமல்.

எப்போது பயப்பட வேண்டும்?

எல்லா மறுப்பையும் "பிடிவாதம்" என்று விட்டுவிடவும் கூடாது. கிளினிக்கில் நிறை பார்த்துக் குறிக்கும் பதிவேடு எதற்கு இருக்கிறது? அந்தக் கோடு பிள்ளையின் வழமையான பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குப் போதிய அளவு கிடைக்கிறது. கோடு படுத்தால், அல்லது கீழே இறங்கினால் மிட்வைஃபிடம் காட்டுங்கள். பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தால், மண், சுண்ணாம்பு தின்றால், கட்டியான உணவை விழுங்கவே முடியாமல் ஓங்காளித்தால் காத்திருக்க வேண்டாம்.

நிறை குறைந்த பிள்ளைகளுக்குச் சுகாதாரத் திணைக்களம் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷவும் இந்தக் கிளினிக் வழியாகத்தான் வருகிறது. சோளம், சோயா, பால்மா கலந்த இந்தச் சத்துமா 1973இல் தொடங்கியது. 2022 பொருளாதார நெருக்கடியில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. அந்த வருடம் பல வீடுகளில் கறி ஒன்றாகச் சுருங்கியது. அப்படியான வீட்டில் பிள்ளை மெலிந்தால் அது பிள்ளையின் பிடிவாதமுமல்ல, தாயின் கெட்டித்தனக் குறைவுமல்ல. அங்கே தேவை உதவி. அதைக் கேட்பது வெட்கமல்ல, உரிமை.

எங்கள் வீட்டில் இப்போது முருங்கையிலைச் சுண்டலுக்கு ஒன்பதாவது நாள். நேற்று மகள் ஒரு இலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டின் ஓரத்தில் போட்டாள். அம்மாவின் கை கரண்டியை நோக்கிப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, கையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை சோற்றைத் தின்றுவிட்டு எழும்பிப் போனாள். மிஞ்சியதை அம்மா வழித்துச் சாப்பிட்டார்.

"நாளைக்கும் கொஞ்சம் வைப்பம்" என்றார்.