சட்டத்துக்கு விலை போடும் அமெரிக்கக் கணக்கு

ஒரு காரியத்தில் இறங்குமுன் செலவு எவ்வளவு என்று கேட்பது வியாபாரிக்கு வழக்கம். அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கு அது சட்டப்படியான கடமை. 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் உருவான காங்கிரஸ் வரவு செலவுத் திட்ட அலுவலகம், சபைக் குழுக்கள் அங்கீகரிக்கும் ஏறக்குறைய எல்லாச் சட்டமூலங்களுக்கும் செலவு மதிப்பீடு தயாரிக்கிறது. சட்டம் நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை.

மதிப்பிடும் முறையை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். மூன்று கடைகளை ஒன்றாக்கும்போது பழைய சம்பளமும் வாடகையும் புதுச் செலவாகா. இடம் மாற்றுவது, புதிய கணினி, புதிய முகாமையாளர் போன்றவையே புதுச் செலவு. சட்டம் வராவிட்டால் ஆகும் செலவுக்கும் வந்தால் ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்த அலுவலகமும் கணக்கிடுகிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், 22 அரச அமைப்புகளை இணைத்து உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் அமைக்கும் யோசனை 2002இல் வந்தது. இரட்டிப்பு வேலைகளை நீக்கினால் கிடைக்கும் மிச்சமே புதுச் செலவுக்குப் போதும் என்றது வெள்ளை மாளிகை. பிரதிநிதிகள் சபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த மேற்படி அலுவலகமோ, 2003 முதல் 2007 வரை சுமார் 3 பில்லியன் டொலர் மேலதிகமாகத் தேவைப்படும் என்றது. அந்தச் சட்டம் 2002 நவம்பரில் கையொப்பமானது.

இன்னொன்றும் உண்டு. அங்கே சட்டம் செலவுக்கு அனுமதி தரும். பணம் ஒதுக்குவது வேறு சட்டம். அதனால் பல மதிப்பீடுகளில் ‘பணம் ஒதுக்கப்பட்டால்’ என்ற நிபந்தனை இருக்கும். அதைக் கவனியாமல் தொகையை மட்டும் வாசிப்பவர், கொள்முதல் கட்டளையையே விற்பனை என்று எழுதுபவரைப் போன்றவர்.

இதில் நமக்கென்ன? 2007இல் நிறைவேறிய சட்டமொன்று, அமெரிக்கா செல்லும் கொள்கலன்கள் அனைத்தும் ஏற்றப்படும் துறைமுகத்திலேயே கருவியால் சோதிக்கப்பட வேண்டும் என்றது. 2012 ஜூலை என்று வைத்த தவணை பலமுறை நீடிக்கப்பட்டது. அதே அலுவலகம் 2016இல் போட்ட கணக்கின்படி, இதற்குக் கொள்கலனொன்றுக்கு 150 முதல் 220 டொலர் வரை செல்லும். முழுவதையும் அமெரிக்க அரசே ஏற்றால் பத்தாண்டுக்கு 22 முதல் 32 பில்லியன் டொலர் வேண்டும்.

அரசு ஏற்காவிட்டால்? துறைமுகம் கப்பல் கம்பனியிடமும், கம்பனி சரக்குக்காரரிடமும் அறவிடும். கொழும்பிலிருந்து ஆடை அனுப்புபவர் கையில் அது வந்து நிற்கலாம். வாஷிங்டன் மதிப்பீட்டில் அவருடைய நட்டத்துக்குத் தனி நிரல் கிடையாது.

ஆகவே எந்த நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மூன்றைக் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு? பணம் உண்மையில் ஒதுக்கப்பட்டதா? கடைசியில் யார் கட்டுவது? மூன்றாவது கேள்விக்கான பதிலை, வாங்குபவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் இப்போதே எழுத்தில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்குர்ஆன் நமக்குப் போதித்திருப்பதும் அதைத்தானே.