கடலோரக் கிணற்றில் உப்பு ஏறுவது ஏன்?

அரசு அலுவலரை ராமநாதபுரத்துக்கு மாற்றினால், ‘தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள்’ என்பது இன்றும் பேச்சு வழக்கு. ஆனால் அந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது. மாநிலச் சராசரியைவிடக் குறைவுதான். அதற்காகப் பாலைவனம் என்று சொல்லிவிட முடியாது. அந்த மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைத் தேக்கி வைத்தால்தான் மற்ற மாதங்களுக்குத் தண்ணீர்.

ஆழமாகத் துளைத்தால் என்ன?

உள் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு வறண்டு போகும். கடலோரத்தில் அது உப்பாகிப் போகும். நன்னீரைவிடக் கடல்நீர் கனமானது. அதனால் கரையோர மணலுக்கு அடியில், உப்பு நீரின் மேல் நன்னீர் மிதந்தபடி நிற்கிறது. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலநீர் வல்லுநர்களின் பொதுக்கணக்கு. மோட்டார் வைத்து உறிஞ்சி அந்த 1 மீட்டரைப் பாதியாக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்பு 20 மீட்டர் மேலேறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் வயலுக்குமாகப் பல்லாண்டுகள் உறிஞ்சியதில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஏறிய உப்பை வெளியேற்ற ஒரு மழைக்காலம் போதாது.

கடல்நீரைக் குடிநீராக்கினால்?

சென்னை அந்த வழியில் இறங்கிவிட்டது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் திறக்கப்பட்டன. 2024-ல் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் ஆலையும் சேர்ந்தது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரத்துக்கு இவை தேவைதான். ஆனால் செலவு பெரிது. 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கும் மேல், கூடுதல் உப்போடு மறுபடி கடலுக்கே போகிறது. அது மீன்வளத்தைப் பாதிக்கும் என்பது மீனவர்களின் கவலை. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

ஊருணி என்ன செய்கிறது?

ராமநாதபுரத்தின் பழைய விடை ஊருணி. கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். வரத்துக்கால் வழியாக மழைநீர் வந்து சேரும். களிமண் படுகை அதைக் கசியவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆடு மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. பல ஊருணிகளில் உள்ளேயே ஒரு கிணறும் உண்டு. மேல்நீர் வற்றிய பிறகும் அதில் ஊறும்.

திருச்சி அருகே காவிரியில் எடுக்கும் கூட்டுக் குடிநீர் குழாய் வழியே வரத் தொடங்கியதும், பல ஊர்களில் ஊருணியைக் கவனிப்பார் இல்லை. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டியது. படுகையில் வண்டல் மேடிட்டது. ஆனால் குழாய் நீர் கடைமடை ஊருக்கு நாள்தோறும் வருவதில்லை. அந்த நாள்களில், சிறு சக்கரம் பூட்டிய தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி, பெண்கள் நல்ல தண்ணீருக்கு அலைவதை அங்கே சாலையோரங்களில் பார்க்கலாம்.

கணக்கு சொல்வது

1,000 சதுர அடி மாடியில் 800 மி.மீ. மழை விழுந்தால் ஏறத்தாழ 74,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக 60,000 லிட்டராவது கைக்கு வரும். மழைநீர்ச் சேகரிப்பு தமிழகத்தில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் குழாய் உடைந்து, தொட்டியில் குப்பை அடைத்துக் கிடக்கும் வீடுகளே எங்கும் கண்ணில் படுகின்றன. உப்பு அபாயமுள்ள கரையோரத்தில் இந்த நீர் இருவகையில் உதவும்: தொட்டியில் நின்றால் குடிக்கலாம், மண்ணில் இறங்கினால் நிலத்தடி மட்டத்தை உயர்த்திக் கடலைத் தள்ளி நிறுத்தும்.

பெருநகருக்கு ஆலை, சிற்றூருக்கு ஊருணி, வீட்டுக்குத் தொட்டி, கரையோர ஆழ்துளைக்குக் கட்டுப்பாடு: இந்த வரிசையே சரி. ஊருணியைத் தூர்வார ஏற்ற காலம் கோடை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் மே 1-லும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் வரத்துக்காலின் பெயரைச் சொல்லி, அதைச் சீரமைக்கத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அக்டோபரில் கேட்டால், அந்த ஆண்டு மழை போனதுதான்.