கொடி நாள் உண்டியல்

டிசம்பர் 7 அன்று வடசென்னை டோல்கேட் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் ஸ்டாம்ப் அளவு கொடி ஒன்று இருக்கும். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம்: மூன்று படைகளுக்கு மூன்று நிறம். என் காலத்தில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, மத்தியானத்துக்குள் கசங்கிவிடும். உண்டியலில் போட்ட காசு யாருக்குப் போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

இந்தக் கொடி நாள், 1949 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சரின் குழு எடுத்த முடிவு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே வசூல் தொடங்கிவிட்டது. பார்வை இழந்த வீரர்களுக்கு ஒன்று, கோர்க்கா வீரர்களுக்கு ஒன்று எனத் தனித்தனியே இருந்த நிதிகளையெல்லாம் 1993-இல் ஒரே கொடி நாள் நிதியாகச் சேர்த்தார்கள்.

இந்தப் பணத்தை மிகவும் நம்பியிருப்பவர்கள் பென்ஷன் இல்லாதவர்கள். சிப்பாய்க்குப் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். அதற்கு முன்பே வீடு திரும்பியவர், உடம்பில் தெம்பு இருக்கும்வரை வேலை பார்த்துச் சமாளிப்பார். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் இடத்தில், கம்பெனி கேட்டில் நின்று வண்டி நம்பர் குறிக்கும் பெரியவரின் ஷூவைப் பாருங்கள். அத்தனை புழுதியிலும் பளபளக்கும். முன்னாள் வீரர்களுக்கு இப்படி வேலை வாங்கித் தரவே தமிழக அரசு 1986-இல் டெக்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியது.

வேலையும் போன பிறகு? ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, 65 வயது கடந்து, பென்ஷனும் இல்லாதவருக்கு மாதம் 4,000 ரூபாய் மத்திய அரசு உதவித்தொகை இருந்தது. ஆனால் விண்ணப்பங்கள் வந்த வேகத்துக்குப் பணம் வரவில்லை, நிலுவை மலையாகக் குவிந்தது. 2021-இல் கொடி நாள் நிதியிலிருந்து 320 கோடி ரூபாய் ஒதுக்கித்தான் இதுபோன்ற உதவிகளின் நிலுவையைத் தீர்க்க வேண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல், சுமார் 182 கோடி, பென்ஷன் இல்லாத 38 ஆயிரம் முதியவர்களுக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு 48,000. அந்தத் தொகைக்கும் காத்திருந்தார்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

2025 நவம்பர் முதல் உதவித்தொகை 8,000 ஆகியிருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் மகள் கல்யாணத்துக்கும் தரும் தொகையும் இரட்டிப்பு. மொத்தச் செலவு ஆண்டுக்குச் சுமார் 257 கோடி. நல்ல முடிவு, சந்தேகமில்லை. டோல்கேட் சந்துக்குள் ஒரு ரூம் வாடகையும் பிரஷர் மாத்திரையும் போக, இனி கையில் கொஞ்சம் மிஞ்சலாம்.

ஆனால் வரவும் அதே அளவுக்கு உயர வேண்டுமே! கம்பெனிச் சட்டப்படி, முன்னாள் வீரர்களுக்கும் போர் விதவைகளுக்கும் செய்யும் செலவு சிஎஸ்ஆர் எனும் சமூகப் பொறுப்புக் கணக்கில் சேரும். கேட்டில் முன்னாள் வீரர்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கும் எண்ணூர், மணலி ஆலைகள் இதை முதலில் யோசிக்கலாம். பள்ளி உண்டியலும் வரட்டும். வசூலிக்கும் டீச்சர், அந்த 38 ஆயிரம் பேர் யாரென்று இரண்டு நிமிடம் வகுப்பில் சொல்லிவிட்டுக் கொடியைக் குத்தட்டும்.