கிராமங்களை இணைக்க வேண்டிய துவிச்சக்கரவண்டிப் பாதைகள்

வீதி அபிவிருத்தி என்றதும் காபட் இடப்பட்ட அகன்ற வீதிகளே எம்மவர் மனக்கண் முன் தோன்றுகின்றன. யுத்தம் முடிவடைந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பிரதான வீதிகள் பல புனரமைக்கப்பட்டன. பயண நேரம் குறைந்தது. சந்தையும் வைத்தியசாலையும் அண்மித்தன. இதன் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், வீதி செப்பனிடப்பட்டதுடன் வாகனங்களின் வேகமும் அதிகரித்துள்ளது. அந்த வீதியின் ஓரமாகப் பாடசாலைக்குச் செல்லும் மாணவிக்கும், வயலுக்குச் செல்லும் விவசாயிக்கும், மீன்பெட்டியைக் கட்டிச் செல்லும் வியாபாரிக்கும் உரிய இடம் எது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலேயே விடப்படுகின்றது.

துவிச்சக்கரவண்டி எமது மக்களுக்கு வெறும் பொழுதுபோக்குச் சாதனமன்று. 1990 களில் பொருளாதாரத் தடை காரணமாக எரிபொருள் அற்றுப்போன யாழ்ப்பாணக் குடாநாட்டில் மனிதர்களையும் விறகையும் விளைபொருளையும் சுமந்தது அதுவே. 2022 இல் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. வன்னியிலும் முசலியிலும் இடம்பெயர்ந்து மீளக்குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, பாடசாலையையும் சந்தையையும் எட்டுவதற்கான கைக்கெட்டிய வழி இன்றும் அதுவேயாகும்.

இங்கு ஒரு விடயம் தெளிவாக விளங்கிக்கொள்ளப்பட வேண்டும். தனியொரு பாதை வேறு. பாதை வலையமைப்பு வேறு. ஒரு மாணவியின் வீட்டிலிருந்து பாடசாலைக்கு 5 கிலோமீற்றர் தூரம் எனக் கொள்வோம். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் அது 20 நிமிடப் பயணமே. அதில் நாலரைக் கிலோமீற்றர் அமைதியான ஒழுங்கையாக இருந்தும், எஞ்சிய அரைக் கிலோமீற்றரில் பாரவூர்திகள் விரையும் பிரதான வீதியில் செல்ல வேண்டியிருந்தால், பெற்றோர் எதைக் கொண்டு தீர்மானிப்பார்கள்? அந்த அரைக் கிலோமீற்றரைக் கொண்டே தீர்மானிப்பார்கள். ஆகவே, ஒரு வலையமைப்பின் தரத்தை நிர்ணயிப்பது அதன் சிறந்த பகுதியல்ல, ஆபத்தான பகுதியே ஆகும்.

இவ்வாறு துண்டு துண்டாகக் கிடந்த பாதைகளை இணைத்து வெற்றி கண்ட ஒரு பிரதேசம் பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் மாகாணமாகும். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பியிருந்த அம்மாகாணத்தின் கடைசிச் சுரங்கம் 1992 இல் மூடப்பட்டது. அதன் பின்னர் கைவிடப்பட்ட நிலக்கரிப் புகையிரதப் பாதைகளும், கால்வாய்க் கரைகளும், வயல்வெளிச் சிறு வீதிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. சுரங்கப் பொறியியலாளரான ஹியூகோ பொலன் முன்வைத்த இந்த முறை 1995 இல் நடைமுறைக்கு வந்தது. பயணி தான் கடக்க வேண்டிய இலக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும், வழி தவறுவதில்லை. பின்னர் நெதர்லாந்தும் இம்முறையைப் பின்பற்றியது. அங்கு உல்லாசப் பயணிகளுக்காகவே இது தொடங்கப்பட்டது. எமது தேவை அன்றாட வாழ்வு சார்ந்தது. ஆயினும், புதிதாக அமைப்பதற்கு முன்னர் இருப்பதை இணைத்தல் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொதுவானதாகும்.

துவிச்சக்கரவண்டிப் பாதைகள் ஐந்து நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டுமென நெதர்லாந்தின் திட்டமிடலாளர்கள் வரையறுத்துள்ளனர். அவை இடையறாத் தொடர்ச்சி, சுற்றிவளைக்காத நேர்வழி, பாதுகாப்பு, பயண வசதி, மனதுக்கு இதமான சூழல் என்பனவாகும். தொடர்ச்சி இல்லையேல் ஏனைய நான்கும் பயனற்றுப் போகின்றன.

இணைப்பதற்குரிய வளங்கள் எம்மிடமும் உள்ளன. யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகள், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் கரைகள், அம்பாறையில் கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் வீதிகள் ஆகியவை அவற்றுள் சில. மட்டக்களப்பில் 2013 இல் புதிய கல்லடிப் பாலம் திறக்கப்பட்டபோது பழைய பாலம் இடிக்கப்படாமல் விடப்பட்டது. இத்தகைய பழைய பாலங்கள், விரையும் வாகனங்களிலிருந்து விலகிச் செல்வதற்கான கடவைகளாகக் கூடியவை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஊடாக அக்கரைப்பற்று வரை தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றின் வயல்களோ பெரும்பாலும் பிரதான வீதிக்கு மேற்கே உள்ளன. அந்த வீதியைக் கடக்கும் ஆபத்து இரு சமூகங்களுக்கும் பொதுவானது. எனவே, அதற்கான பரிகாரமும் பொதுவானதாகவே இருக்க முடியும்.

தடை எங்கே உள்ளது? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்குரியவை. உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கும், பெரிய குளங்களின் கட்டுகளும் வாய்க்கால் கரைகளும் நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கும் உரியவை. மாணவியின் 20 நிமிடப் பயணம் இவ்வனைத்தையும் கடந்தே செல்கின்றது. ஆனால், அப்பயணத்தை முழுமையாக நோக்குவதற்குப் பொறுப்பான அலுவலகம் எதுவுமில்லை. ஒரு சபை செப்பனிட்ட ஒழுங்கை அடுத்த சபையின் எல்லையில் சேற்றில் முடிவதற்குக் காரணமும் இதுவே.

ஆகவே, முதலில் தேவைப்படுவது சீமெந்தோ தாரோ அல்ல, ஒரு வரைபடமாகும். பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, பஸ் தரிப்பிடம், கோவில், பள்ளிவாசல் ஆகியவற்றைக் குறித்து, மக்கள் இன்று எவ்வழியாகச் செல்கின்றார்கள் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். அறுபட்ட இடங்கள் அப்போது தாமாகவே வெளிப்படும். ஓரிடத்தில் ஒரு மதகு போதும். வேறோரிடத்தில் வேகத்தடையுடன் கூடிய கடவை போதும். இன்னோரிடத்தில் தெருவிளக்கு போதும். இருள் சூழ்ந்த வாய்க்கால் கரையில் பெண்கள் செல்ல மாட்டார்கள் என்பதும், யானைகள் நடமாடும் இடங்களில் மாலைப் பயணம் உகந்ததல்ல என்பதும் அலுவலக மேசையிலிருந்து தெரிய வராதவை. நீண்டதொரு பாதையைப் புதிதாக அமைப்பதை விட இவ்விடைவெளிகளை அடைப்பதற்கான செலவு மிகக் குறைவாகும்.

2025 மே மாதத் தேர்தலின் மூலம் உள்ளூராட்சி சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளைப் பெற்றன. அயற்சபைகள் கூடி இவ்வரைபடத்தைத் தயாரித்து, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் சமர்ப்பிப்பதற்குப் பெருநிதி தேவையில்லை. வீதியின் அகலத்தை மட்டுமன்றி, அதில் ஒரு பிள்ளை தனியே பாடசாலை சென்று திரும்ப முடிகின்றதா என்பதையும் அபிவிருத்தியின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.